செடிக்குத் தண்ணீர் எப்போ? ஊற்றுவது யாரு?

கொல்லையில் நாலு கத்திரி, ரெண்டு தக்காளி, ஒரு பந்தல் புடலை போட்டிருக்கிற வீடுகளில், தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு செய்கிற வேலையாகவே இருக்கிறது. சமையல், ஸ்கூல், ஆபீஸ் என்று நமக்குக் காலை நேரம் பறந்துவிடுகிறதே! ஆனாலும் செடிக்கு நல்லது காலை நேரம்தான் என்று அடித்துச் சொல்வேன்.

காலை ஆறு, ஏழு மணிக்குள் ஊற்றினால் வெயில் ஏறுமுன் தண்ணீர் வேருக்கு இறங்கிவிடும். இலையில் தெறித்த ஈரமும் சீக்கிரம் காய்ந்துவிடும். உச்சி வெயிலில் ஊற்றினால் செடி குடிப்பதைவிட வெயில் குடிப்பதுதான் அதிகம். மொட்டை மாடி பிளாஸ்டிக் டேங்கிலிருந்து வரும் தண்ணீரோ அப்போது கொதிக்கும். இருட்டிய பிறகு ஊற்றினால் இலை ராத்திரி பூரா ஈரமாகவே கிடக்கும். இலைப்புள்ளி, இலைக்கருகல் போன்ற பூஞ்சை நோய்களுக்கு அது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு! நத்தைகளுக்கும் கொண்டாட்டம்.

மத்தியானம் இலை துவண்டால் உடனே குடத்தைத் தூக்க வேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சாயந்திரம் தானே நிமிர்ந்துவிடும். மண் காய்ந்திருந்தால் மட்டும் நேரம் காலம் பார்க்காமல் வேரடியில் ஊற்றுங்கள். காலையில் முடியவே முடியாதவர்கள் நாலு, ஐந்து மணிக்கு, இலையை நனைக்காமல் ஊற்றலாம். வேரடியில் காய்ந்த சருகைப் பரப்பி வைத்தால் ஈரம் சட்டென்று காயாது.

2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நின்ற பெண்களைக் கேளுங்கள், ஒரு குடம் தண்ணீரின் அருமையைச் சொல்வார்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் காலையில்தானே கிடைக்கிறது? சாக்கடையில் கொட்டாமல் அப்படியே செடிக்கு விடலாமே!

"எல்லாம் சரிம்மா, காலையில் எனக்கு ஏது நேரம்?" என்கிறீர்களா? அதைத்தான் நானும் கேட்கிறேன். இதையும் ஏன் நம் தலையிலேயே கட்ட வேண்டும்? காபி டம்ளரும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரருக்குப் பத்து நிமிஷ வேலை இது. பல் தேய்த்த கையோடு பிள்ளைகள் ஆளுக்கொரு சொம்பு ஊற்றினால் குறைந்தா போய்விடுவார்கள்? வெண்டைக்காய்ப் பொரியலுக்கு மட்டும் தட்டை நீட்டுகிறவர்கள், வெண்டைச் செடிக்குச் சொம்பையும் நீட்டட்டும். தோழியரே, நாளைக் காலையே சொல்லிப் பாருங்கள்!

- ஒரு வாசகி, தாம்பரம்.