மூட்டையில் ஓர் உலர்ந்த துணி

மலையேறப் புறப்படும் மாணவர்களுக்காக நாம் ஒரு பட்டியல் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். அப்பட்டியல் எம்மைத் தலைகுனிய வைத்த கதையை இந்த வாரம் நேயர்களிடம் சொல்லித் தீரவேண்டியிருக்கிறது.

எமது உயர்தர வகுப்பு மாணவர்கள் சிவனொளிபாதமலையில் ஏறி அன்றே இறங்கிவர வேண்டுமென்று நெடுநாளாக ஆசைப்பட்டு வந்தனர். பௌத்தர் ஸ்ரீபாத என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும், இஸ்லாமியர் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் மலை அது. உச்சியில் உள்ளது புனித தோமையாரின் அடிச்சுவடு என்று கொள்ளும் கிறிஸ்தவரும் உளர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கும் எமது கரையோர வகுப்புக்கு இதனினும் பொருத்தமான மலை வேறு கிடையாது. ஆகவே உடன்பட்டோம். உடன்பட்டதோடு நின்றிருக்கலாம். நிற்காமல் ஆங்கில நூலொன்றைப் புரட்டி, மலையேறுவோர்க்கு இன்றியமையாதவை என அது கூறியவற்றையெல்லாம் தமிழில் எழுதி, 22 உருப்படிகளாகச் சுவரில் ஏற்றினோம். கணுக்காலை மூடும் மலைச் சப்பாத்து, நீர் புகாத மேலங்கி, மடக்கி நீட்டும் ஊன்றுகோல் இரண்டு, இடுப்புப் பட்டி பூட்டிய முதுகுப் பை என்று எழுதிக்கொண்டே போகையில் எமக்கு உள்ளூர ஒரு பெருமிதமும் உண்டாயிற்று.

மூன்றாம் நாள் பார்க்கிறோம்: பெயர் கொடுத்திருந்த 19 பேரில் 6 பேரின் பெயர்கள் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் முதற்பெயர், இந்தப் பயண எண்ணத்தையே முதலில் எழுப்பிய மருதமுனை மாணவனுடையது. காரணம் கேட்டோம். “வீட்டில வேலை இருக்கு சேர்” என்றான். எமது முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று மாலையே கல்முனையிலிருந்து பாண்டிருப்பைக் கடந்து மருதமுனைக்குச் சென்றோம். கைத்தறிக்குப் பெயர்போன ஊர் அது. 2004ஆம் ஆண்டு மார்கழியில் கடல் பொங்கிவந்து அவ்வூரை அழித்ததையும் அதில் உயிர்களோடு தறிகளும் போனதையும் இப்பகுதியார் மறக்கமாட்டார். இன்றும் சில வளவுகளில் தறியொலி கேட்கிறது. மாணவனின் வீடு அத்தகைய வளவொன்றில் இருந்தது. அவனுடைய பாட்டனார் தறியில் அமர்ந்து சாரத்துக்குப் பாவோட்டம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து, கதிரை போட்டு, தேநீருக்குச் சொல்லிவிட்டு, வந்த காரியம் கேட்டார். பட்டியலின் பிரதியை நீட்டினோம். பேரனை விட்டே வாசிக்கச் சொன்னார். அவன் 22ஐயும் வாசித்து முடித்தான்.

“சேர், இது மலைக்குப் போற லிஸ்டா, கடை போடுற லிஸ்டா?” என்றார் பெரியவர்.

நாம் சிரித்தோம், ஆயினும் சிரிப்பு முழுதாக வரவில்லை. அவர் தமது இளமையில் மும்முறை அம்மலையேறியவராம். ஒவ்வொரு முறையும் தோளில் ஒரு பையும், அதனுள் ஒரு சாரமும் ஒரு துவாயும், தண்ணீர்ப் போத்தலும், பேரீச்சம்பழப் பொட்டலமும், அவ்வளவே. பின்னர் அவர் கேட்ட கேள்விதான் எம்மை உறுத்திற்று. “உச்சியில போய் நிக்கக்குள்ள உடுப்பு நனைஞ்சிருக்குமா, காய்ஞ்சிருக்குமா? அத இதில எழுதல்லியே காக்கா.” எம்மிலும் 30 வயது மூத்தவர் எம்மைக் காக்கா என்றழைத்தது மரியாதைக்கு, கண்டிப்பும் அதனுள் இருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை எமக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் எழுதத் தவறியதுதான் வெட்கம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் முதன்முறை அம்மலையேறியபோது, குளிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தடித்த கம்பளிச் சட்டையை அடிவாரமான நல்லதண்ணியிலேயே அணிந்துகொண்டு புறப்பட்டோம். அங்கிருந்து உச்சிவரை ஏறத்தாழ 5,500 படிகள். ஆயிரமாவது படிக்குள் உள்ளே அணிந்திருந்த பருத்திச் சட்டை வியர்வையில் தோய்ந்துவிட்டது. ஏறும் வரை ஒன்றும் தெரியவில்லை. உச்சியில் நின்று விடியலுக்குக் காத்திருந்த அரைமணி நேரத்தில் பல் கிட்டிப்போயிற்று. கைவிரல்கள் பொத்தானைக் கழற்ற மறுத்தன. அருகில் நின்ற, பெயர் தெரியாத அடியார் ஒருவர் தமது பையிலிருந்த உலர்ந்த துவாயை எடுத்து எமது நெஞ்சோடு சுற்றிவிட்டார். சூரியன் எழுந்ததும், மலையின் நிழல் முக்கோணமாகப் பள்ளத்தாக்கில் விழும் காட்சியை எல்லாரும் வியந்தனர். நாம் துவாயைப் பற்றிக்கொண்டு நின்றோம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். எனவே கல்முனைக் கடற்கரையில் 26 பாகை இருக்கும் இரவில் உச்சியில் 11, 12 பாகைதான் இருக்கும். அதன்மேல் காற்று வேறு. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி உடலோடு ஒட்டிக்கிடந்தால் உடற்சூடு வெளியே ஓடிவிடுகிறது. பருத்தி நீரைக் குடித்தால் இலகுவில் விடாது. பருத்தி கொல்லும் என்று மேனாட்டு மலையேறிகள் சற்றுக் கடுமையாகவே சொல்வதுண்டு.

பருத்தி நெய்து வாழ்ந்த பெரியவரிடம் இதைச் சொல்லத் தயங்கினோம். அவரோ முந்திக்கொண்டார். பருத்தி இந்த மணலுக்கும் வெயிலுக்கும் படைத்தது, ஏறும்போது அதை உடுத்தாதீர்கள், பையில் வைத்துக்கொண்டுபோய் உச்சியில் உடுங்கள் என்பதே அவர் கூறியதன் சாரம். பின்னர் பேரனைப் பார்த்து, “மகன், நீ போல் அடிக்கப் போடுற ஜேர்ஸி எங்க?” என்றார்.

எமக்கு அப்போதுதான் கண் திறந்தது. கல்முனை முதல் மருதமுனை வரை உதைபந்தாட்ட மேலாடை இல்லாத இளைஞனைக் காண்பதரிது. அது பொலியெஸ்டர் இழை. பருத்தி காற்றிலுள்ள ஈரத்திலேயே தன் எடையில் 7, 8 வீதம் உறிஞ்சும்; பொலியெஸ்டர் ஒரு வீதம்கூட உறிஞ்சாது. வியர்வை அதன் புறத்தே பரவி உலர்ந்துவிடும். ஆங்கில நூல் எத்தனையோ விலைகூறிச் சொன்ன ‘உடலை ஒட்டிய முதல் ஆடை’ எமது மாணவர் ஒவ்வொருவர் வீட்டுக் கொடியிலும் ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்தது.

குளிருக்குத் தடித்த ஓராடையைவிட மெல்லியவை மூன்று மேல் என்பதும் அன்று பேச்சில் வந்தது. 1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தில் மறைந்த ஜோர்ஜ் மலோரியின் உடல் 1999ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டபோது, பட்டும் பருத்தியும் கம்பளியுமாக மெல்லிய ஆடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதன்மீது இருந்தன. அவற்றுக்கு மேலே நெருக்கமாக நெய்த கபர்டீன் மேலங்கி. அதே முறையில் ஆடைகள் செய்வித்து 2006ஆம் ஆண்டு அம்மலையிலேயே அணிந்து பார்த்தவர்கள், அவை நன்றாகவே குளிரைத் தாங்கின என்று கூறினர். அடுக்குகளுக்கிடையே அடைபட்ட காற்றே உண்மையான போர்வை. பெரியவருக்கு மலோரியில் ஆர்வமில்லை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேயர்களை வழிதவறச் செய்தவராவோம். பாணமைக்கும் உகந்தைக்கும் இடைப்பட்ட குடும்பிகல குன்றுக்கோ, சியம்பலாண்டுவைப் பக்கத்துக் கோவிந்தஹெலவுக்கோ, அம்பாறைக்கு வடக்கே இராஜகலவுக்கோ பகலில் போகிறவர்க்கு மேற்சொன்னது தலைகீழாகும். அங்கே பகை குளிரன்று, வெயில். வியர்வையில் நனைந்த பருத்தி மெல்ல உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். ஆகவே தளர்ந்த, முழுக்கையுள்ள பருத்திச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அங்கே சாலச் சிறந்தவை. எந்த மலை என்று கேளாமல் எந்த உடை என்று சொல்பவர் எம்மைப் போலப் புத்தகத்தைப் பார்த்து எழுதுபவராகவே இருப்பர்.

நிற்க. சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. மூட்டிய சாரம் ஒன்று பையில் இருந்தால் அது உடைமாற்றும் மறைப்பு, குளிரில் போர்வை, பேருந்தில் தலையணை, வெயிலில் முக்காடு, கை முறிந்தால் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளி. வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியவனை இரு தடிகளிடையே சாரமிரண்டைக் கோத்துத் தூக்கிவரவும் கூடும். இத்தனை வேலைக்குமாக ஒரு பொருளை எந்த மலையேற்றக் கடையும் விற்பதாக நாம் அறியோம். ஒரே நிபந்தனை, அது உலர்ந்திருக்க வேண்டும். பாடசாலைப் பையினுள்ளே பெரிய பொலித்தீன் பை ஒன்றை உறைபோல இறக்கி, அதனுள் துணிகளை வைத்து வாயை முறுக்கிக் கட்டிவிட்டால் எந்த மழைக்கும் அஞ்சவேண்டியதில்லை. அந்தப் பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவருவது கொண்டுபோனவரின் கடன். மழைக்கு மலிவான மழையங்கி போதும். குடை உச்சிக்காற்றில் எதிரியாகும்.

சப்பாத்து விடயத்தில் நாம் எழுதியது பெரும்பிழை. புதிய மலைச் சப்பாத்தை வாங்கி நேரே மலைக்குப் போகிறவன் கொப்புளத்தோடுதான் இறங்குவான். காலுக்குப் பழகிய, அடியில் வெட்டுத் தேயாத, கயிறு கட்டும் சப்பாத்தே நல்லது. பாடசாலை விளையாட்டுச் சப்பாத்து தாராளமாகப் போதும். அடி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மாத்திரம் விட்டுவிடுக. ஈரப்படியில் ஏறும்போதன்று, இறங்கும்போதே அது காலை வாரும். காலுறை இரண்டு சோடி வேண்டும். குதிகாலில் உராய்வு தொடங்கியதும், வெட்கப்படாமல் அங்கேயே அமர்ந்து பிளாஸ்டர் ஒட்டிக்கொள்க. வெறுங்காலோடு ஏறும் முதிய அடியார்களைக் கண்டு மாணவர் தாமும் முயலலாகாது. அப்பாதங்கள் அறுபது ஆண்டுகளாகப் பழகியவை. மாணவியர்க்கு நீண்ட பாவாடையைவிடச் சல்வார் நன்று. நனைந்த விளிம்பு படியில் மிதிபடும்.

தண்ணீர் ஒருவருக்கு ஒன்றரை இலீற்றர். பருவகாலத்தில், அதாவது மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை, வழிநெடுகத் தேநீர்க்கடைகளும் மின்விளக்குகளும் உண்டு. மற்றைய மாதங்களில் அவை இரண்டையும் நம்பிப் போகலாகாது. ‘ஜீவனி’ப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். அது கிடைக்காவிடின் ஒரு இலீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமான தேக்கரண்டியால் சீனி ஆறும் உப்பு அரையும் கலந்துகொள்க. உண்பதற்குப் பேரீச்சம்பழமும் கச்சானும் போதும். டோர்ச் தனியாக வேண்டும். கைபேசி வெளிச்சத்தில் ஏறுபவன் விடியும்போது வீட்டுக்குப் பேசவும் வழியின்றி நிற்பான். விசில் ஒன்றும் சேர்க்கலாம்: ஆபத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுவது மலைநாடுகளின் வழக்கம். பையின் மொத்தப் பாரம் தூக்குபவரின் எடையில் பத்திலொன்றைத் தாண்டாதிருக்கட்டும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மலையேறுவோர் சங்கம் 1930களில் வகுத்த பத்துப் பொருட்பட்டியல் ஒன்று உலகெங்கும் பெயர்பெற்றது. அதிலே வரைபடமும் திசைகாட்டியும் தீப்பெட்டியும் வருகின்றன. மேலதிக உடையும் வருகிறது. விலையுயர்ந்த சப்பாத்து அதில் இல்லை. எமது பிரதான வீதியால் ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்களின் தலைமூட்டையையும் நாம் சிறுவயது முதல் கண்டிருக்கிறோம். உகந்தை தாண்டிக் குமண, யால காடுகளூடாகப் பல நாள் நடக்கும் அவர்கள் மூட்டையிலும் மாற்றுத்துணிக்குத் தவறாமல் இடமுண்டு. இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு பாவா ஆதம் மலையேறியபோது பாறையில் பற்றியேற இரும்புச் சங்கிலிகள் இருந்ததை எழுதிவைத்தார். தமது பையில் என்ன வைத்திருந்தார் என்பதை எழுதியிருந்தால் எமக்கு எவ்வளவோ உதவியாயிருக்கும்!

விடைபெறும்போது பெரியவரிடம் துவாய்கள் 20 வேண்டுமென்றோம். மாணவர் 19, எமக்கு ஒன்று. காசைக் கணக்குப் பார்த்து எண்ணி வாங்கிக்கொண்டார். அது எமக்கு ஆறுதலாக இருந்தது. மறுநாள் காலை பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, 9 உருப்படிகளோடு புதியதொன்றை ஒட்டினோம். முதல் வரியில் உலர்ந்த துணி. அடுத்த வரியில் ஜேர்ஸி. மாலைக்குள் அடிபட்ட பெயர்களில் ஐந்து திரும்ப எழுதப்பட்டிருந்தன. ஆறாவது மாணவனுக்கு உண்மையாகவே அன்று வீட்டில் திருமணமாம்.

ஒன்றை மட்டும் இப்பட்டியலிலும் எழுத மறந்துவிட்டோம். புறப்படுவதற்கு இரு நாள் முன்னர் கால்நகங்களை வெட்டிவிட வேண்டும்; இல்லாவிடின் இறக்கத்தில் சப்பாத்தின் நுனியில் இடித்திடித்து நகம் கறுத்துப்போகும். திங்கட்கிழமை வகுப்பில் சொல்லவேண்டும்.