பத்து வருஷம் ஆடினவங்களுக்கு அப்ரெண்டிஸ் ஏன் இல்லை?



மசாய் உஜிரி. இந்தப் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? கனடாவில் சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, ஸ்கார்பரோவில் வளரும் நம்ம தமிழ்ப் பிள்ளைங்க சட்டுனு சொல்வாங்க. 2019-ல் டொராண்டோ ராப்டர்ஸ் முதல்முறையா என்பிஏ கோப்பையை ஜெயிச்சப்போ அந்த அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் இவர்தான்.

நைஜீரியாவின் சாரியாவில் வளர்ந்தவர். அமெரிக்காவில் கல்லூரி, அப்புறம் ஐரோப்பாவில் சின்ன சின்ன கிளப்புகள். என்பிஏவில் ஒரு மேட்ச்கூட ஆடினது கிடையாது. 2002-ல் ஆட்டத்தை நிறுத்திட்டார்.

அடுத்து என்ன செஞ்சார்? ஆர்லாண்டோ மேஜிக் அணிக்கு ஸ்கவுட் ஆனார். ஊர் ஊராப் போய் திறமையான பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிற வேலை. சம்பளம் கிடையாது. சொந்தக் காசில் பயணம், மத்த ஸ்கவுட்டுகளோட ரூமில் தூக்கம். இதைத் தியாகம்னு புகழ எங்களுக்கு மனசு வரல. காசு தராம வேலை வாங்குவது யார் செஞ்சாலும் தப்புதான். ஆனா அந்த வேலைக்கு மேலே ஏற ஒரு படி இருந்தது. டென்வர் நகட்ஸ் அவரை ஸ்கவுட்டா சம்பளத்துக்கு எடுத்தது. 2010-ல் அதே டென்வரில் அணியையே நிர்வகிக்கும் பொறுப்பு. 2013-ல் என்பிஏவின் சிறந்த நிர்வாகி விருது. அதே வருஷம் ராப்டர்ஸ்.

2018-ல் அவர் எடுத்த முடிவுகளைப் பாருங்க. அந்த சீசனின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய டுவேன் கேசியை நீக்கினார். டொராண்டோ தலையில் தூக்கி வச்சிருந்த டிமார் டிரோசனைக் கொடுத்துட்டு, காயத்தால் முந்தைய சீசனில் வெறும் 9 மேட்ச் ஆடிய காவாய் லெனார்டை வாங்கினார். ரசிகர்கள் கொதிச்சாங்க. 11 மாசத்துல கோப்பை வந்தது, இறுதித் தொடரின் சிறந்த வீரர் லெனார்ட்.

ஜெயிச்ச ராத்திரி மைதானத்துக்குள் நுழைய வந்த இந்தக் கறுப்பின நிர்வாகியை ஒரு போலீஸ்காரர் பிடிச்சுத் தள்ளினார். அப்புறம் உஜிரி மேலேயே வழக்கு! 2020-ல் கேமரா வீடியோ வெளிவந்து, முதலில் தள்ளியது யாருன்னு உலகமே பார்த்தது. மறு வருஷம் வழக்கு வாபஸ்.

இதை ஏன் ஒரு கட்சிப் பக்கத்தில் எழுதறோம்?

2025-ல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி தேசிய சம்மேளனங்களின் செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் குறைந்தது இரண்டு பேர் சிறந்த விளையாட்டு வீரர்களா இருக்கணும். வரவேற்கிறோம். ஆனா அந்த ரெண்டு நாற்காலி நட்சத்திரங்களுக்குத்தான் போகும். உஜிரி நட்சத்திரம் இல்லையே! அவர் மாதிரி சாதாரண ஆட்டக்காரர் நிர்வாகத்தைக் கத்துக்க இங்க இடம் எது?

மாநில அணியில் ஆடிட்டு 23 வயசுல வெளியே வரும் தங்கச்சிக்கு ரயில்வே, போலீஸ், பேங்க் ஸ்போர்ட்ஸ் கோட்டா. அது கிடைக்கலைன்னா ஆட்டத்தோட உறவே முடிஞ்சுது. ஆள் தேர்வு, போட்டி நடத்துவது, ஸ்பான்சர் பிடிப்பது, ஆட்டக் கணக்கு அலசுவது எல்லாம் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா வரும் வேலைகள். இன்ஜினியரிங் முடிச்ச எங்களுக்கு உதவித்தொகையோட அப்ரெண்டிஸ் சட்டமே இருக்கு. பத்து வருஷம் ஆடினவங்களுக்கு ஏன் இல்லை? மாவட்டத்துக்குக் கொஞ்சம் பேரையாவது, சம்பளம் கொடுத்து, விளையாட்டு நிர்வாகப் பயிற்சியில் சேர்க்கணும். இதுதான் எங்க கோரிக்கை.

ஆடி முடிச்சு இப்போ வேற வேலை பார்க்கும் தோழர்கள் உங்க அனுபவத்தைக் கீழே எழுதுங்க. எந்த விளையாட்டு, எந்த வயசுல விட்டீங்க, ஏன் விட்டீங்க. எல்லாத்தையும் தொகுத்து இளைஞர் அணியிடம் கொடுக்கப் போறோம்.