துணி பிழிய ஆகும் கை, ஊசி பிடிக்க ஆகாதா?



ஒரு குடும்பத் தலைவிக்குக் கை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, கட்டும் பிரித்தாகி விட்டது. தேறி வரும் அந்தக் கை முதலில் யாருக்குச் சொந்தம்? அடுப்படிக்கா, துவைக்கிற கல்லுக்கா, இல்லை அவளுக்கேவா? இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அத்தை, இரண்டு பிள்ளைகள், ஒரு எருமை, இதுதான் எங்கள் குடும்பம். எனக்கென்று இருக்கும் ஒரே ஆசை ஒட்டுப்போர்வை தைப்பது. எங்க அம்மாயி சொல்லிக் கொடுத்தது. கட்டிக் கட்டி மெத்தென்று ஆகிப்போன நூல் சேலைகள் மூன்று நான்கை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, மேலே தையல்காரரிடம் வாங்கிய வெட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டு, ஒரு விரல்கடை இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் ஓட்டினால் போர்வை தயார். மார்கழியில் கொல்லிமலைப் பக்கத்துக் காற்றுக்கு அது போதும். வங்காளத்தில் இதையே காந்தா என்கிறார்கள். பழைய சேலையின் கரையிலிருந்தே நூல் உருவித் தைப்பது அந்த ஊர் வழக்கம். ஆக, இது ஒன்றும் ஊரில் இல்லாத வேலை இல்லை.

போன வருஷம் கழுவி விட்ட வாசலில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வலது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கை சுண்டிப் போய், விரல்கள் மடங்கவே இல்லை. கட்டு இருந்த வரைக்கும் வீட்டில் எல்லாரும் தாங்கினார்கள், பொய் சொல்லக் கூடாது. அத்தை சமைத்தார். மகள் தலை பின்னி விட்டாள். கட்டுப் பிரிந்ததும் கை நல்லாகி விட்டது என்று எல்லாருமே நினைத்து விட்டார்கள் போல! அதே வாரம் மாவு வழிக்கவும், துணி பிழியவும், தண்ணீர்க் குடம் தூக்கவும் நான் போயாக வேண்டியிருந்தது. யாரும் அதட்டிச் சொல்லவில்லை. ஆனால் வேலை அங்கேயே கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் பாதியில் நின்ற போர்வையை எடுத்து ஊசியில் நூல் கோத்தேன். உடனே அத்தை, "ஏனம்மிணி, வலிக்கிற கையை வச்சுக்கிட்டு இந்த வேண்டாத வேலை எதுக்கு?" என்றார். வீட்டுக்காரரும், "சென்னிமலைப் போர்வை ஒண்ணு வாங்கியாறேன், இதை மூட்டை கட்டி வையி" என்றார். இரண்டு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிகிறபோது வராத கரிசனம், ஊசி எடுத்ததும் எங்கிருந்து வந்தது?

எனக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். "ஊசி பிடிக்கிறது விரலுக்கு நல்ல பயிற்சிதாங்க. கொஞ்ச கொஞ்ச நேரமா செய்யுங்க, வலிச்சா நிறுத்திடுங்க. இப்போதைக்கு வேண்டாம்னு சொல்றது துணி முறுக்கறதும் கனம் தூக்கறதும்தான்" என்றார். கேட்டீர்களா சகோதரிகளே! எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ்.

இது புதுச் சங்கதியும் இல்லை. என் மகள் செல்போனில் தேடிப் படித்துக் காட்டினாள். முதல் உலகப் போரில் சேர்ந்த எர்னஸ்ட் தெசிஜர் என்ற ஆங்கில நாடக நடிகருக்கு, 1915-ல் குண்டு விழுந்து கைகளில் காயம். அவர் பூத்தையல் போடுகிறவர். அடிபட்ட சிப்பாய்களுக்கும் இந்த வேலையைக் கற்றுத் தர வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். ஊனமுற்ற சிப்பாய்களுக்கென்றே 1918-ல் இங்கிலாந்தில் ஒரு பூத்தையல் அமைப்பு தொடங்கினார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துப் பலிபீடத்துக்கு, காயம்பட்ட 138 சிப்பாய்கள் சேர்ந்து தைத்துக் கொடுத்த பூவேலைத் துணி 1919-ல் அங்கே அணிவிக்கப்பட்டது. துப்பாக்கி பிடித்த ஆம்பிளைகளுக்கு ஊசியும் நூலும் வைத்தியமாக இருந்திருக்கிறது. பொம்பிளை கையில் இருந்தால் மட்டும் அது வேண்டாத வேலையா?

"தைச்சா என்ன காசா வருது?" என்று கேட்பவர்களும் உண்டு. வராதுதான். மாவு அரைத்தால் மட்டும் எனக்குக் காசா வருகிறது? மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அதே வேலையில் கை வைக்கும் ஆண்களுக்கு 97 நிமிடம். பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! அத்தனையும் கூலி இல்லாத வேலை. அதில் பதினைந்து நிமிடத்தை எனக்கென்று எடுத்துக்கொண்டால் குடி முழுகிப் போகாது.

ஒரு பொம்பிளைக்குத் தன் கைவேலை என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கட்டுப் போட்ட ஆறு வாரமும் நான் பிறர் கையை எதிர்பார்த்து இருந்தேன். முதல் வரிசை கோணல்மாணலாக ஓடி முடிந்த அன்றைக்குத்தான் "இது என் கை" என்ற தைரியம் வந்தது. ஆயிரம் குடம் தூக்கியிருந்தாலும் அந்தத் தைரியம் வந்திருக்காது.

என்னைப் போல அடிபட்டுத் தேறி வருபவர்களுக்கு நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். எடுத்ததும் முழுப் போர்வையில் கை வைக்காமல், இரண்டே மடிப்பில் ஒரு தொட்டில் விரிப்பு தையுங்கள். காது பெரிய, பிடிக்க வாகான ஊசி நல்லது. நூல் கோக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், ஆசையாக ஓடி வரும். முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் தைத்து, விரல்களை மடக்கி விரித்துவிட்டு, பிறகு தொடருங்கள். வீக்கமோ மரத்துப் போவதோ இருந்தால் ஊசியை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். பயிற்சிக்காகத் தூரம் போக முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையையும் சேர்த்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுப் பிரிந்ததும் கை குணமாகி விட்டதாகக் கணக்கு வைக்காதீர்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் துணி பிழிவதையும் குடம் தூக்குவதையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் இப்போது பிழிகிற வேலை மகனுடையது. பன்னிரண்டு வயது, நன்றாகவே பிழிகிறான்! அத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே தன் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதையும் சேர்த்துக்கோ" என்றார்.

உங்கள் வீட்டில் அடிபட்டுத் தேறி வரும் ஒரு பெண், முடங்கிக் கிடந்த தன் பாட்டையோ கோலத்தையோ தையலையோ மறுபடி எடுத்தால், "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்காதீர்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள். அது போதும்.

- ஒரு வாசகி, ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.