தைத்த கைக்கு ஒரு பெயர் உண்டு

காங்கேயத்துப் பக்கம் ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற வீடுகளில், ஆனி பிறக்கும்போதே பெண்ணின் பிளவுஸ் பேச்சு தொடங்கிவிடுகிறது. சீலை காஞ்சிபுரமா, சிறுமுகையா என்பது ஒரே நாளில் முடிவாகிவிடும். ஆரி வொர்க் அப்படியில்லை. கழுத்துக்கு என்ன டிசைன், கைக்கு மயிலா யானையா, முதுகில் மாப்பிள்ளை பெண் பெயர் வேண்டுமா என்று பொட்டிக் படியை நாலு தடவை ஏறி இறங்க வேண்டும். கூலி சில ஆயிரங்களில் தொடங்கி, வேலைக்குத் தகுந்தபடி இருபதாயிரத்தையும் தாண்டும். முகூர்த்தத்தன்று மண்டபத்தில் "எங்கே போட்டீங்க?" என்று கேட்காத பெண் இல்லை. பதிலாக ஒரு கடையின் பெயர் வரும்.

அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் அந்தக் கடையில் இருப்பதில்லை. ஏதோ ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில், மரச்சட்டத்தில் துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். டிசைன் வரைந்த தாளில் ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்டு, அதைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் கரைத்த பொடியைத் தொட்டுத் தேய்த்தால் துளை வழியே கோடு இறங்கும். அதன் பிறகு வலது கை மேலே, இடது கை துணிக்கு அடியில். நுனியில் கொக்கி வளைந்த ஆரி ஊசி உள்ளே இறங்கும்போது, கீழிருக்கும் கை நூலை அதில் மாட்டிக் கொடுக்க வேண்டும். கண் பார்க்காத இடத்தில் விரல் பார்க்கிறது. சங்கிலித் தையல், முடிச்சுத் தையல், ஜர்தோசி, மணி, கல் என்று ஒரு கழுத்து நிறைவதற்குள் நாள்கள் ஓடிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகும், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் நடக்கிற வேலை இது. முடிந்ததும் துணி கடைக்குப் போகிறது. கழுத்துக்குப் பின்னால் கடையின் லேபிள் ஏறுகிறது. அவருடைய பெயர் எங்கேயும் இல்லை.

இருந்தாக வேண்டும். அதை நியாயம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், வழக்கமாகவே ஆக்க வேண்டும்.

பெயர் எழுதப்படாததால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1953 செப்டம்பர் 12-ஆம் தேதி, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் ஜாக்குலின் பூவியே, பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியை மணந்தார். தந்த நிற டஃபேட்டா பட்டில், சுமார் 50 கெஜம் துணியில் உருவான அந்தக் கல்யாண உடை இன்றும் உலகில் அதிகம் பார்க்கப்பட்ட மணப்பெண் உடைகளில் ஒன்று. அதை வடிவமைத்துத் தைத்தவர் ஆன் லோ என்ற கறுப்பினப் பெண். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய தையலகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, மணப்பெண் உடையும் தோழிப்பெண்கள் உடைகளுமாகப் பத்து உடைகள் நாசமாயின. வெளியே மூச்சு விடாமல் புதுத் துணி வாங்கி, ஆள்களைச் சேர்த்து, இரவு பகலாகத் தைத்து முடித்தார். எழுநூறு டாலர் லாபம் எதிர்பார்த்த இடத்தில் 2,200 டாலர் நட்டம். கல்யாணத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. உடையின் மடிப்பும் பூவேலையும்கூட அச்சேறின. தைத்தவரின் பெயர் ஏறவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பெண்கள் பத்திரிகை அவரைக் குறிப்பிட்டபோதும், பெயரில்லாத ஒரு கறுப்பினத் தையல்காரி என்கிற அளவில்தான் குறிப்பிட்டது. மனம் நொந்த ஆன் லோ 1961-இல் ஜாக்குலினுக்கே கடிதம் எழுதினார்.

ஆன் லோ திடீரென்று முளைத்தவர் அல்லர். பாட்டி அடிமையாகப் பிறந்தவர். பாட்டியும் அம்மாவும் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் வசதியான வெள்ளையர் வீட்டுப் பெண்களுக்கு உடை தைத்தவர்கள். மிச்சத் துணியில் பூச்செய்யப் பாட்டி கற்றுக்கொடுத்த வித்தையைத்தான் ஆன் லோ கடைசிவரை தன் உடைகளில் வைத்தார். 1914-இல் அம்மா திடீரென்று இறந்தபோது, கவர்னரின் மனைவிக்காகத் தைத்துக்கொண்டிருந்த நான்கு உடைகள் பாதியில் நின்றன. பதினாறு வயதுப் பெண் அவற்றை முடித்துக் கொடுத்தார். 1917-இல் நியூயார்க்கில் தையற்கலைப் பள்ளியில் சேர்ந்தபோது, நிறத்தைக் காரணம் காட்டித் தனி அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு அவருடைய வேலையையே மற்ற மாணவிகளுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். 1947-இல் ஒலிவியா டி ஹாவிலண்ட் ஆஸ்கர் வாங்கியபோது அணிந்திருந்த பூவேலை உடையும் ஆன் லோ கைவண்ணமே. அதன் லேபிளில் இருந்தது சோனியா ரோசன்பெர்க் என்ற கடையின் பெயர்.

இப்படித் தைத்தவர் ஆன் லோ ஒருவர் மட்டுமல்லர். அடிமையாகப் பிறந்த எலிசபெத் கெக்லி, 1855-இல் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் விடுவித்துக்கொண்டு, பிறகு ஜனாதிபதி லிங்கனின் மனைவிக்கு உடை தைத்தவர். ஆன் லோவின் அம்மா தைத்த அதே மாண்ட்கோமரியில், 1955 டிசம்பரில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்த ரோசா பார்க்ஸும் ஒரு பெரிய பல்பொருள் கடையின் தையல் பிரிவில் வேலை பார்த்தவர்தான். இத்தனை பேரையும் இன்று பெயர் சொல்லிப் பேச முடிகிறது என்றால், அதற்கு லோயிஸ் அலெக்சாண்டர் லேன் போன்றவர்களும் ஒரு காரணம். உடை வடிவமைப்பில் கறுப்பினத்தவருக்குப் பங்கே இல்லை என்ற பேச்சைக் கேட்டுச் சலித்தவர் அவர். தைத்த பெண்களையும் அவர்கள் தைத்த உடைகளையும் தேடிச் சேர்த்து, 1979-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினத்தவர் உடைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அந்தத் தொகுப்பு 2007-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் சேர்ந்து, இன்று வாஷிங்டனில் பத்திரமாக இருக்கிறது. 2023-இல் டெலவேர் மாநிலத்தின் வின்டர்தர் அருங்காட்சியகம் ஆன் லோவுக்காகவே பெரிய கண்காட்சி நடத்தியது. தைத்தவர் இறந்து நாற்பத்திரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

கொங்கு நாட்டின் கதையும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கதையும் ஒன்றென்று சொன்னால் அது அவர்கள் பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் பெண்ணின் கைவேலையை வாங்கிக்கொண்டு பெயரை விட்டுவிடுகிற பழக்கம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. நெகமத்துக் குழித்தறி வீடுகளில் குறுக்கிழைக்கான தார் சுற்றுவது பெண்கள். தறியில் தீர்ந்த நெடுக்கிழைப் பாவின் முனையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதிலும் பெண்களின் கை இருக்கிறது. தறியில் உட்கார்ந்து நெய்கிற பெண்களும் நிறையப் பேர். 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாகத் தெரியவந்தது. அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். இருந்தும் "நெசவாளி" என்றவுடன் நம் மனத்தில் வருகிற உருவம் ஓர் ஆண். பல வீடுகளில் சங்க உறுப்பினர் அட்டையும் அவர் பெயரில்தான்.

புவிசார் குறியீடு வந்ததே என்று கேட்கலாம். வந்தது, மகிழ்ச்சிதான். பவானி ஜமக்காளத்துக்கும் கோவை கோரா காட்டன் சீலைக்கும் நெகமம் காட்டன் சீலைக்கும் அந்தச் சான்று உண்டு. நீலகிரித் தோடர் பெண்கள் வரைபடமே இல்லாமல், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் போடுகிற பூவேலைக்கு 2013-இல் கிடைத்தது. ஆனால் அந்தச் சான்று ஊரின் பெயரைக் காக்கிறது, சமூகத்தின் பெயரைக் காக்கிறது. இந்தத் துணியை நெய்தது இன்ன பெண் என்று அது சொல்வதில்லை. கைத்தறி முத்திரையும் இது கையால் நெய்தது என்பதோடு நின்றுவிடுகிறது.

திருப்பூரிலிருந்து ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதியாகிறது. அத்தனையிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர். பல கை மாறித் தயாராகிற பனியனில் யார் பெயரைப் போடுவது என்பது நியாயமான கேள்விதான். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்த பிறகு, "என் உடையைத் தைத்தது யார்?" என்று வாங்குபவர்கள் கேட்கும் இயக்கமே உலகம் முழுக்க எழுந்தது. பல கை மாறுகிற தொழிற்சாலைத் துணிக்கே அந்தக் கேள்வி எழும்போது, ஒரே பெண் உட்கார்ந்து முடிக்கிற பிளவுஸுக்கும் ஒரே தறியில் இறங்குகிற சீலைக்கும் பெயர் போடுவதில் என்ன சிக்கல் இருக்க முடியும்?

சிக்கலில்லை என்பதைப் பொள்ளாச்சியே காட்டியிருக்கிறது. பருத்தி அரவையில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்த மணி சின்னசாமியும் விஜயலட்சுமி நாச்சியாரும் 2009-இல் "எத்திகஸ்" என்ற பெயரில் இயற்கைப் பருத்தித் துணிகளை நெய்து விற்கத் தொடங்கினார்கள். விஜயலட்சுமி நாச்சியார்தான் வடிவமைப்பாளர். அவர்கள் சீலையில் தொங்குகிற அட்டையில் நெய்தவரின் படமும் பெயரும் நெய்ய எத்தனை நாளானது என்பதும் இருக்கும். வாங்குகிறவருக்கு அந்த அட்டை இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறது. இதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். இத்தனை நாள் உழைப்புக்கு இந்த விலை கூடுதலில்லை. பேரம் பேச எடுத்த வாய் அங்கேயே அடங்கும். அச்சடித்த ஒரு அட்டைக்கு ஆகிற செலவு என்ன பெரிய செலவு?

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியில் இன்னொரு வழி பிறந்தது. அங்குள்ள லம்பாடிப் பெண்கள் பரம்பரையாகப் பாவாடையிலும் ரவிக்கையிலும் கண்ணாடி வைத்துத் தைக்கிற பூவேலையைக் கைவிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ஊரார் ஏளனமாகப் பார்த்ததால் அந்த உடையையே கழற்றிப்போட்ட தலைமுறை அது. வயதான சிலருக்கு மட்டும் தையல் நினைவிருந்தது. அங்கே ஏழைகளுக்காக மருத்துவமனை நடத்தும் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியில், லலிதாவின் முயற்சியால் 2006-இல் "போர்கை" என்ற கைவினைப் பெண்கள் அமைப்பு உருவானது. மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்க இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள். வெட்கப்பட்டு ஒதுக்கிய தையல், இன்று நகரத்துப் பெண்கள் விலை கொடுத்து வாங்கும் குர்தாவிலும் சீலையிலும் ஏறியிருக்கிறது. அந்த அமைப்பை உடைமையாக வைத்திருப்பவர்களும் அந்தப் பெண்களே.

பொட்டிக் நடத்துகிறவர்களிடம் கேட்டால் ஒரு பதில் வரும். அதை ஒதுக்கிவிட முடியாது. "பேரைப் போட்டா கஸ்டமர் நேரா அந்தப் பொண்ணு வீட்டுக்கே போயிருவாங்களே" என்பார்கள். கடை வாடகை, கடன், காத்திருந்து பணம் தராத வாடிக்கையாளர் என்று அவர்கள் பக்கமும் சுமை உண்டு. அவர்களிலும் பலர் பெண்கள். ஆனால் அந்தப் பயத்தின் பொருள் என்ன? வேலையின் மதிப்பு அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது என்று கடைக்கும் தெரிந்திருக்கிறது. டிசைன் கடையுடையது என்றால் கடையின் பெயரும் இருக்கட்டும், வேலை செய்தவரின் பெயரும் அருகில் இருக்கட்டும். படம் வேண்டாம் என்று கூச்சப்படும் பெண்கள் இருப்பார்கள், பெயர் போதும். பெயரும் வேண்டாம் என்று அவரே சொன்னால் விட்டுவிடலாம். கேட்காமலே விட்டுவிடுவதுதான் தவறு.

பெயர் மட்டும் சோறு போடாது என்பதையும் ஆன் லோவின் வாழ்க்கையே சொல்கிறது. நியூயார்க்கின் பெரும் பணக்காரக் குடும்பங்கள் அவரைத் தங்களுக்குள் பெயர் சொல்லிப் பரிந்துரைத்துக்கொண்டன. விலையை மட்டும் அடித்துக் குறைத்தன. துணிக்கும் கூலிக்கும் கணக்குப் பார்க்காமல் தைத்துக் கொடுத்தவர், வரி பாக்கியில் கடையை இழந்தார். கண்பார்வையும் மங்கியது. ஆகவே பெயர் எழுதுகிற அதே அட்டையில் நாள் கணக்கும் கூலியும் இருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் வேலைக்கு மூன்று நாள் கூலி கொடுத்திருந்தால் அது அட்டையிலேயே தெரிந்துவிடும்.

கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நாளைக்கே தொடங்கலாம். நெய்தவரின் பெயரோடு, பாவும் தாரும் எடுத்துக் கொடுத்த பெண்ணின் பெயரையும் அட்டையில் சேர்க்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. கோவை அவினாசிலிங்கம் பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆடையியல் துறை இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே கல்லூரி இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவிகள் புராஜெக்ட் எழுதுகிறார்கள். காங்கேயத்திலும் சென்னிமலையிலும் நெகமத்திலும் அறுபது வயதைத் தாண்டிய தையல்காரம்மாக்களையும் நெசவுக்காரம்மாக்களையும் தேடிப் போய், பெயர், ஊர், கற்றுக்கொடுத்தவர் யார், என்னென்ன செய்தார்கள் என்று எழுதி, ஒன்றிரண்டு துணிகளையும் வாங்கி வைத்தால் அதுவே பெரிய சேமிப்பு. லோயிஸ் லேன் தொடங்கியதும் இப்படித்தான். அந்த அம்மாக்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த முகூர்த்தத்துக்குப் பிளவுஸ் வாங்கப் போகும்போது, ஆரி வேலை போட்டவரின் பெயரை பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். அப்படியொரு வழக்கமில்லை என்பார்கள். எழுதித் தந்தால் மீதிப் பணம் என்று சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.