சேரியின் சாட்சியம் யாருடைய சொத்து?

இரட்டைக் குவளை முறை, கோயில் நுழைவு மறுப்பு, ஆணவக் கொலை, மலக்குழி மரணம் ஆகியவை குறித்துப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் நடக்கின்றன. நம் மக்கள் பேசுகிறார்கள். ஆய்வாளர்கள் பதிவு செய்கிறார்கள். பட்டம் வழங்கப்பட்ட பின் அந்த ஒலிப்பதிவுகளும் களக்குறிப்புகளும் எங்கே போகின்றன, யார் கைக்குப் போகின்றன?

ஆய்வேட்டுக்கு விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படி இன்ஃபிளிப்நெட் மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அது ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் சேர்கிறது. ஆனால், ஆய்வேட்டுக்கு அடிப்படையான தரவுக்கு அந்த விதி பொருந்தாது. அது ஆய்வாளரின் மடிக்கணினியிலோ நெறியாளரின் அலமாரியிலோ தங்கிவிட்டால், கணினி பழுதாகும் நாளில் ஒரு மூதாட்டியின் நினைவும் அழிந்துபோகும்.

அழிவைவிடக் கொடிய ஆபத்து, கவனமின்றித் திறந்துவிடுவது. பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று கருதுவோர் ஊரையும் சேரியையும் அறியாதவர்கள். ஊராட்சியின் பெயர், உட்சாதி, வயது, தொழில் ஆகிய நான்கும் சேர்ந்தால், பேசியவர் யாரென்று ஆதிக்கச் சாதித் தெரு அரை நாழிகையில் கண்டுபிடித்துவிடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அதே சாட்சி ஆய்வாளரிடம் அளித்த நேர்காணல் இணையத்தில் கிடந்தால் இந்தக் காப்பின் பயன் என்ன? சாட்சியின் முந்தைய கூற்றைக் காட்டி அவரை முரண்படுத்தக் குறுக்கு விசாரணையில் சட்டம் இடமளிக்கிறது. கவனமின்றிப் பகிரப்பட்ட நேர்காணல், குற்றவாளியின் வழக்கறிஞருக்கு ஆயுதமாகலாம்.

தரவுச் சட்டம் நம்மைக் காக்குமா? 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா சாதி, பழங்குடி விவரங்களை உணர்திறன் மிக்க தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. மேலும், தனிநபரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படுத்தாமல், விதித்த தரங்களைப் பின்பற்றினால், ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் 17(2)(பி) பிரிவு விலக்கு தருகிறது. ஆகவே பொறுப்பின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு மீதே விழுகிறது.

அமெரிக்காவின் ஹவாசுப்பாய் பழங்குடியினர் இதற்காகப் போராடினர். 1990 தொடங்கி, நீரிழிவு ஆய்வென்று கருதி அவர்கள் அளித்த இரத்த மாதிரிகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் மனச்சிதைவு, மூதாதையர் இடப்பெயர்ச்சி தொடர்பான ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது. வழக்குத் தொடுத்தனர். 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் மாதிரிகளும் திரும்ப வந்தன. ஒரு நோக்கத்துக்குத் தந்த ஒப்புதல் எல்லா நோக்கத்துக்கும் ஆகாது என்பதே அதன் பாடம்.

இதைச் சொல்லும்போது தரவைப் பூட்டிவைக்க நாம் கோரவில்லை. 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதித் தரவை ஒன்றிய அரசு வெளியிடவே இல்லை. அதிகாரத்தைக் கேள்வி கேட்க உதவும் கூட்டு எண்கள் மறைக்கப்படுவதும், எளியவரைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் திறந்து கிடப்பதும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

எனவே நாம் கேட்பவை தெளிவானவை. நேர்காணலுக்கும், பாதுகாத்து வைப்பதற்கும், பிறருக்குத் தருவதற்கும் தனித்தனி ஒப்புதல் வேண்டும். அது எழுத்தறியாதவருக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும். திறந்தவை, விண்ணப்பித்துப் பெறுபவை, குறித்த காலம் முத்திரையிடப்பட்டவை எனத் தரவு மூன்றாகப் பிரிக்கப்பட வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ளவை மூன்றாம் வகையில் சேர வேண்டும். அனுமதி அளிக்கும் குழுவில் பேசிய சமூகத்தின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். பேசியவருக்கு ஒரு படியும், பின்னர் அதைத் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும்.

ஆய்வு மாணவர்கள் இதற்காக அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த களப்பணிக்குப் புறப்படும் முன், இந்த ஒலிப்பதிவு 10 ஆண்டுகளுக்குப் பின் யாரிடம் இருக்கும் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் விடை கிடைக்கும்வரை ஒலிப்பதிவுக் கருவியை இயக்காதீர்கள்.