அகத்துக்கு வாடகை

செயற்கை நுண்ணறிவு கவிதை எழுதுமா? நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடமெல்லாம் இப்போது இதே கேள்விதான். ‘எழுதாது, அதற்கு அனுபவம் இல்லை, அகம் இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம். இந்த நிம்மதி அசட்டுத்தனமானது என்பது என் கட்சி.

யந்திரம் நல்ல கவிதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கவிஞனுக்குச் சோறு போடும் வேலையை அது செய்தால் போதும். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கிச் சிப்பந்தி. காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தார். நம் சிறுபத்திரிகைகளும் பெரும்பாலும் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய காகிதத்தில் அச்சானவை. புரவலர் வேண்டாம், வணிகப் பத்திரிகை வேண்டாம் என்று நாம் வீறாப்புப் பேசியது அந்தச் சம்பளத்தின் தைரியத்தில். கடிதம் வரைவது, அறிக்கை சுருக்குவது, விண்ணப்பம் சரிபார்ப்பது: 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடியும் அதன் வகையறாவும் கைவைப்பது இந்த வேலைகளில்தான்.

யந்திரம் ஓய்வு தருமே என்பார்கள். நூறு வருஷத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று கெய்ன்ஸ் 1930-இல் எழுதினார். மேலை நாடுகளில் அவர் எதிர்பார்த்தபடி செல்வம் பெருகியது. அந்த ஓய்வு வரவில்லை. பெருக்குவது யந்திரம், பங்கிடுவது மனிதர்களின் சண்டை.

எங்கள் வங்கிகளில் அந்தச் சண்டை நடந்தது. எத்தனை யந்திரம், எங்கே என்பதற்கு 1983-இல் சங்கங்கள் ஒப்பந்தம் போட்டன. பிற்போக்கு என்று கேலி செய்தார்கள். கணினியால் வாடிக்கையாளருக்கு நன்மை விளைந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் பேரம் என்று ஒன்று இருந்தது. 2000-01-இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் பொதுத்துறை வங்கிகளை விட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள். பிறகு வந்து உட்கார்ந்த எனக்கு வேலை நேரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

2023-இல் ஹாலிவுட் திரைக்கதையாசிரியர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இந்த யந்திரத்தின் உபயோகத்துக்கு ஒப்பந்தத்தில் வரம்பு கட்டினார்கள். அவர்கள் எழுதுவதில் முக்கால்வாசி குப்பை என்போம். இருக்கட்டும். எழுத்துக்கு ஒரு பொருளாதாரம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அகம் போதும். அந்த அகத்துக்கு இதுவரை வாடகை கட்டி வந்தது யார் என்றுகூட நாம் கேட்டுக்கொண்டதில்லை.