சாதியை வெளியே விட்டுட்டு வாம்மா

"சாதியை இங்க இழுக்காதம்மா." புகார்க் குழு அறையில் நான் கேட்கும் முதல் வார்த்தை இதுதான். பல்கலைக்கழகத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவிகளுக்குத் துணையாகப் போவது என் வேலை. புகார் எழுத, கூட உட்கார, ராத்திரி போன் வந்தா எடுக்க.

இழுத்தது யாருங்க? "உங்காளுங்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே" என்று சொல்லித்தான் கைடு அவள் மேல் கை வைத்தான். அந்த வரியை நீக்கச் சொன்னது குழுவிலிருந்த பேராசிரியை. மேடையில் பெண்ணியம் நன்றாகவே பேசுவார்.

இந்தக் குழுவே எங்கிருந்து வந்தது? 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன குயவர் சாதிப் பெண் பன்வாரி தேவியை ஆதிக்கச் சாதி ஆண்கள் கூட்டாக வல்லுறவு செய்தார்கள். 1995இல் கோர்ட்டு அந்தக் குற்றத்திலிருந்து அவர்களை விடுவித்தது. அதையொட்டி எழுந்த வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு. அப்புறம் 2013 சட்டம். அப்படி வந்த குழு சாதியைக் கேட்காதாம்!

மூன்று மாதத்துக்குள் புகார் கொடு என்கிறது சட்டம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று. ஒவ்வொரு கையெழுத்துக்கும் அதே கைடிடம் நிற்கிற முதல் தலைமுறைப் பெண் வாயைத் திறக்கவே ஐந்து மாதம் ஆச்சு. "ஏன் லேட்டு?" என்று அவளையே கேட்டார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 2018 திருத்தம். நான் இதைச் சொன்னதும் குரல்கள் இறங்கின. சமரசம் பேசலாமே என்றார்கள். சமரசத்தை அவள்தான் கேட்கணும். அவள் கேட்கவில்லை. வரியை நீக்காமல் அதே புகாரை மறுபடி மேசையில் வைத்தாள்.